ஜப்பானியப் பயணிகளுக்கு லாஸ் ஏஞ்சலிஸில் எதைக் காட்டலாம்?

ஜப்பானிலிருந்து முதன்முறையாக வருபவர்களை லாஸ் ஏஞ்சலிஸில் எங்கே அழைத்துச் செல்வது என்று கேட்டிருந்தீர்கள். இன்றைய நிலையில் முதல் பதில் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் அரங்கமான டாட்ஜர் ஸ்டேடியம்தான். ஜப்பானிய பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஓதானி 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணியில் பத்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். இன்னொரு ஜப்பானிய வீரர் யோஷினொபு யமமோத்தோவும் அதே அணியில் ஆடுகிறார். ஆட்டம் இல்லாத காலத்தில் வந்தாலும் கவலையில்லை, ஜப்பானிய மொழியிலேயே வழிகாட்டி விளக்கும் அரங்கச் சுற்றுலா உண்டு. முன்பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்தது நகரின் பழைய ஜப்பானியக் குடியேறிகள் பகுதியான லிட்டில் டோக்கியோ. 'ஊரில் பார்க்காத ஜப்பானா?' என்று அவர்கள் தயங்கக்கூடும். இது அவர்களுடைய ஊரின் நகல் அல்ல. கடல் கடந்து வந்து வேரூன்றியவர்களின் வரலாறு. 1903இல் தொடங்கிய ஃபுகெட்சுடோ கடையில் இன்றும் மோச்சி என்னும் ஜப்பானிய அரிசி இனிப்பை விற்கிறார்கள். அருகிலேயே 1925இல் கட்டப்பட்ட பழைய பௌத்தக் கோயில் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய நேரம், 1942இல் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் அதன் வாசலில்தான் மூட்டை முடிச்சுகளோடு திரண்டன. அங்கிருந்து பேருந்துகளில் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டன. நாடு முழுவதும் அப்படி அடைக்கப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். எதிரே உள்ள ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகம் இந்த வரலாற்றைச் சொல்கிறது. புதுப்பிப்புப் பணிகள் நடப்பதுண்டு என்பதால், திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என்னைக் கேட்டால், ஹாலிவுட் நடைபாதையில் பிரபலங்களின் பெயரோடு பதித்த நட்சத்திரங்களுக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைத்து இதற்குக் கொடுக்கலாம்.

மாலையில் கிரிஃபித் வானாய்வகம் செல்லுங்கள். நுழைவு இலவசம், நகரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும்.