ஆலோசனைப் பெட்டி ஏன் காலியாக இருக்கிறது?

கேள்வி: நாற்பது பேர் வேலை செய்யும் லேத் பட்டறை நடத்துகிறேன். புது யோசனைக்கு 5,000 ரூபாய் பரிசு என்று அறிவித்து ஆலோசனைப் பெட்டி வைத்தேன். ஆறு மாதத்தில் நாலே சீட்டு. அதிலும் இரண்டு, கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்ற புகார். நம் ஆட்களுக்குப் புதுமையில் அக்கறையே இல்லையா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: கழிப்பறையில் இப்போது தண்ணீர் வருகிறதா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பெட்டியில் போட்ட சீட்டு என்ன ஆகிறது என்று நாற்பது பேரும் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இந்த வாரமே குழாயைச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது கூலி. செய்து முடிக்கும் பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட் முறை என்றால் சிக்கல் அங்கேதான். கடைய வேண்டிய ஜாப்பைப் பிடித்துச் சுழலும் சக்குக்குள், அது ஒரே இடத்தில் முட்டி நிற்க ஒரு ஸ்டாப்பர் வைத்தால், ஒவ்வொரு ஜாப்பையும் மாட்டும்போது ஸ்கேல் பிடித்து அளக்க வேண்டாம். ஜாப்புக்கு 20 விநாடி மிச்சம். 200 ஜாப்புக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல். இதைக் கண்டுபிடித்த ஆபரேட்டர் வெளியே சொல்வாரா? சொன்னால் அடுத்த மாதமே ரேட் குறையும் என்று பயப்படுவார். ஃபோர்மேன் வரும்போது ஸ்டாப்பரைக் கழற்றி ஒளித்துவைப்பார். ஆகவே, யோசனையால் வேகம் கூடினாலும் ஓராண்டுக்கு ரேட்டில் கைவைக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒட்டுங்கள். சொன்னபடி நில்லுங்கள்.

5,000 ரூபாய் பரிசு வேண்டாம். தொகை பெரிதானால் சின்ன யோசனைக்காரர் கூசுவார். யார் முதலில் சொன்னது என்று சண்டையும் வரும். அதற்குப் பதிலாக, உங்களைக் கேட்காமலே ஒரு யோசனைக்கு 1,000 ரூபாய் வரை செலவழிக்க ஃபோர்மேனுக்கு அனுமதி கொடுங்கள். பெட்டியை எடுத்துவிட்டு டீ குடிக்கும் இடத்தில் பலகை மாட்டுங்கள்: தேதி, யோசனை, செய்து பார்ப்பவர், முடிவு. ஏழு நாளில் பதில் வேண்டும். முடியாது என்றால் காரணத்தை நேரில் சொல்லுங்கள். ஒரே மெஷினில் இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் அதே ஜாப்பில் 20 பீஸுக்கு நேரத்தையும் ரிஜெக்‌ஷனையும் குறியுங்கள். ரிஜெக்‌ஷன் ஏறினால் வேகம் கூடியதில் லாபம் இல்லை. சுழலும் சக்கை மூடியிருக்கும் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொல்லும் யோசனையைச் சோதனைக்குக்கூட விடாதீர்கள்.

அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையை 1950இல் பார்த்துவிட்டு வந்த ஜப்பானின் டொயோட்டா கார் நிறுவன நிர்வாகி எய்ஜி டொயோடா, மறுவருடமே தன் நிறுவனத்தில் ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கினார். டொயோட்டா ஆலையில் கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தால் குழுத் தலைவர் உடனே உதவிக்கு வருவார். உங்கள் பட்டறையில் தப்பான பீஸைக் கண்டு மெஷினை நிறுத்தியவரிடம் ஃபோர்மேன் முதலில் என்ன கேட்கிறார்? ஒருநாள் பக்கத்தில் நின்று கேளுங்கள்.