யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளான சபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கும்; வேலைகளை நிறுத்திவிட வேண்டும். கணவர் அதை முன்கூட்டியே தொடங்கிவிட்டால் மனைவியும் அப்போதே வேலையை நிறுத்த வேண்டுமா?

கட்டாயம் இல்லை என்பதுதான் பல ரபிகளின் (யூத மத குருக்களின்) பதில்.

ஏன் முன்கூட்டி? ஜூன் கடைசியில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும். அதுவரை காத்திருந்தால் பிள்ளைகள் சாப்பிடாமலே தூங்கிவிடும். அதனால் ‘பிளாக் ஹமின்ஹா’ என்ற நேரத்திலிருந்தே சபாத்தை ஏற்கலாம். பகலை 12 பங்காக்கினால், கடைசி ஒன்றேகால் பங்கு தொடங்கும் நேரம் அது. லண்டனில் ஏழரை தாண்டி வரும்.

ஊரில் பெரும்பாலோர் சபாத்தை ஏற்றுவிட்டால் மற்றவர்களும் கட்டுப்பட வேண்டும் என்கிறது 16ஆம் நூற்றாண்டு ரபி யோசேப் காரோவின் யூதச் சட்டத் தொகுப்பு. வீட்டுக்கும் அப்படித்தானே என்று கேட்கலாம். நியூயார்க்கில் வாழ்ந்த ரபி மோஷே ஃபைன்ஸ்டைன் அதை ஏற்கவில்லை. கோடையில் வசதிக்காகச் சீக்கிரம் தொடங்குவது மனைவியைக் கட்டுப்படுத்தாது என்றார். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

மறுபக்கமும் உண்டு. சபாத் விளக்கை ஏற்றும் பெண்ணுக்கு வழக்கப்படி அப்போதே சபாத் தொடங்கிவிடும். வீட்டில் மற்றவர்களுக்குத் தொடங்காது.

இதில் சுவாரசியமான ஒன்று: சபாத்தை ஏற்றுவிட்டவர், இன்னும் ஏற்காத இன்னொரு யூதரிடம் “அந்த அடுப்பைக் கொஞ்சம் அணைச்சிடு” என்று சொல்லலாம். காரோவே அனுமதிக்கிறார்.

சரி, நடைமுறையில்? கணவர் தொழுகை முடிந்து வந்து கித்தூஷ் (சாப்பாட்டுக்கு முன் திராட்சை ரசத்தின் மீது சொல்லும் சபாத் பிரார்த்தனை) சொல்வதற்குள் மனைவி விளக்கேற்றிவிடுவது நல்லது. இரவுத் தொழுகையை இருட்டுவதற்கு முன்பே முடித்துவிட்டதால், அதில் வரும் ‘ஷெமா’ என்ற வேத வாசகத்தை இருட்டிய பிறகு மறுபடி சொல்ல மறக்கக் கூடாது.