சந்தேகம் எப்போது வறட்டுப் பிடிவாதம் ஆகிறது?

"புதுக் கருத்தை உடனே நம்பாமல் இருப்பதுதானே அறிவியல்? அதைப் போய் ஏன் குறுகிய மனம் என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தேகப்படுபவரிடம் "எதைக் காட்டினால் ஏற்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் இருந்தால் அது அறிவியல்தான். இல்லையென்றால் வெறும் பிடிவாதம்.

குளியலறைத் தரையில் சதுர டைல்ஸ் ஒட்டலாம், அறுகோணமும் ஒட்டலாம். ஒழுங்கான ஐங்கோணத்தை மட்டும் வைத்து ஒட்டினால் இடைவெளி விழுந்தே தீரும். படிகங்களில் அணுக்கள் அடுக்கப்படுவதும் இப்படித்தான் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. 1982 ஏப்ரல் 8 அன்று இஸ்ரேல் விஞ்ஞானி டான் ஷெக்ட்மன் ஓர் அலுமினியம்-மாங்கனீசு கலவையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். அணுக்களின் அடுக்கைக் காட்டும் படத்தில் வட்டமாகப் பத்துப் புள்ளிகள்! ஐங்கோணத்தைப் போலவே இந்த ஒழுங்கும் படிகத்தில் வரவே கூடாதது. குறிப்பேட்டில் மூன்று கேள்விக்குறி போட்டுவைத்தார்.

முதலில் சந்தேகப்பட்டவரே அவர்தான். பல படிகங்கள் ஒட்டிக்கொண்டு கண்ணை ஏமாற்றுகின்றனவோ என்று சோதித்தார், இல்லை. ஆனால் குழுத் தலைவரோ கையில் ஒரு பாடப்புத்தகத்தைக் கொடுத்து, பிறகு குழுவை விட்டே போகச் சொன்னார்.

எக்ஸ்-கதிர் படம் வேண்டும் என்று படிகவியலாளர்கள் கேட்டது நியாயம். 1987-இல் அது கிடைத்ததும் பெரும்பாலோர் ஏற்றார்கள். இரண்டு நோபல் வாங்கிய வேதியியலாளர் லைனஸ் பாலிங் மட்டும் அசையவில்லை. பல படிகங்கள் ஒட்டிய ஒட்டுப்படிகம்தான் என்று கணக்கை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார், 1994-இல் இறக்கும் வரை. (பெரிய மேதை, அதுதான் வருத்தம்.) அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, படிகம் என்பதன் வரையறையையே சர்வதேசப் படிகவியல் ஒன்றியம் மாற்றிவிட்டது. ஷெக்ட்மனுக்கு நோபல் 2011-இல் வந்தது.