காசு விஷயம்: ஆட்டோ ஏறக்கூட மனசு வரவில்லை

(பொதுத்துறை வங்கி ஒன்றில் கவுன்ட்டரில் தொடங்கி, கிளை மேலாளராக ஓய்வுபெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கே: அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 67. பென்ஷன் 41,000 ரூபாய். சொந்த வீடு. பிள்ளைகள் இருவரும் நல்ல வேலையில் இருக்கிறார்கள். 46 லட்சம் டெபாசிட், எல்லாம் ஒரே வங்கியில். ஆனாலும் காசை எடுக்கக் கை வரமாட்டேன் என்கிறது. பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் 80 ரூபாய் கேட்டால் வீட்டுக்கு நடந்தே வருகிறேன். மூட்டு வலி உள்ள மனைவியையும் நடக்க வைக்கிறேன் என்று மகள் சண்டை போடுகிறாள். எவ்வளவு இருந்தால் இந்தப் பயம் போகும்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: 50 லட்சம் ஆனால் போய்விடும் என்று நினைக்கிறீர்கள், இல்லையா ஐயா? போகாது. 5 லட்சம் வைத்திருந்தவரும் 50 லட்சம் வைத்திருந்தவரும் ஒரே மாதிரி பாஸ்புக்கை நீட்டி, ஒரே குரலில் “வட்டி ஏறிடுச்சாம்மா?” என்று கேட்டதைக் கவுன்ட்டரின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

உங்கள் கடிதத்தில் பென்ஷன் இருக்கிறது, டெபாசிட் இருக்கிறது, ஆட்டோ கூலி கூட இருக்கிறது. மாதச் செலவு எவ்வளவு என்பது மட்டும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாத வரை 46 லட்சம் போதுமா, 96 லட்சம் போதுமா என்று எதை வைத்துச் சொல்வது?

இந்த வாரமே ஒரு நாள் உட்கார்ந்து எழுதுங்கள். தனியாக உட்காராதீர்கள், பால் கணக்கும் மளிகைக் கணக்கும் உங்கள் வீட்டம்மாவுக்குத்தான் தெரியும். கரன்ட், கேஸ், மருந்து, மொய், கோயில், பேரப்பிள்ளைகள் வந்தால் ஆகிற செலவு, வருடத்துக்கு ஒரு முறை வருகிற வீட்டு வரி, தீபாவளி எல்லாவற்றையும் சேருங்கள். நீங்கள் செலவு செய்கிற லட்சணத்துக்கு அது 30,000 தாண்டினால் எனக்கு ஆச்சரியம்தான். சரி, 30,000 என்றே வைப்போம். பென்ஷனிலேயே 11,000 மிச்சம். அகவிலைப்படி ஏற ஏற பென்ஷனும் ஏறும். ஆக, அன்றாடச் செலவுக்கு அந்த 46 லட்சத்தை நீங்கள் தொடவே வேண்டாம். அப்படியானால் அந்தப் பணம் எதற்கு? அதைத்தான் இருவரும் பேச வேண்டும்.

வழி ஒன்று சொல்கிறேன். உங்கள் டெபாசிட்கள் பெரும்பாலும் வட்டியும் அசலோடு சேர்ந்து வளர்கிற வகையாகத்தான் இருக்கும். உங்களைப் போன்றவர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. வட்டி கண்ணில் படுவதே இல்லை. எதை எடுத்தாலும் அசலை உடைக்கிற மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். முதிர்கிற டெபாசிட்டில் 20 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றுங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி தருவார்கள். 8 சதவீதம் என்று கணக்குப் போட்டால்கூட தவணைக்கு 40,000 ரூபாய். அது உங்கள் இருவர் பெயரிலும் உள்ள தனிக் கணக்கில் விழட்டும். ஆட்டோ, எலும்பு டாக்டர், அம்மா போக ஆசைப்படுகிற ஊர் எல்லாம் அந்தக் கணக்கில். அடுத்த வட்டி வரும்போது பழையது மிச்சம் இருந்தால் மகளிடம் சொல்லிவிடுங்கள், அவள் பார்த்துக்கொள்வாள்!

அப்புறம், ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுக்கு உங்கள் பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்த அட்டை எங்கே இருக்கிறது? பீரோவைத் தேடி எடுத்து, மூட்டு சிகிச்சைக்கு எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு கிடைக்கும் என்று விசாரியுங்கள். அதற்கு மேல் ஆகிற தொகையை டெபாசிட்டில் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

80 ரூபாய்க்கு இவ்வளவு யோசிக்கிறவர் 46 லட்சத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறீர்கள். வங்கிக்கு ஏதாவது ஆனால் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். அதுவும் 2020-இல்தான் 1 லட்சத்திலிருந்து உயர்ந்தது. பயந்தே ஆகவேண்டும் என்றால் இதற்குப் பயப்படுங்கள் ஐயா.

கே: ஐந்து வருடத்துக்கு முன் சம்பளம் 28,000. இப்போது 74,000. அப்போதும் இருபதாம் தேதிக்கு மேல் கை காய்ந்தது, இப்போதும் காய்கிறது. போன், பைக், சோபா மூன்றும் ‘நோ காஸ்ட்’ தவணையில்தான் வாங்கினேன். எங்கே தப்பு?
– 29 வயது வாசகர், கோவை

ப: தம்பி, ‘நோ காஸ்ட்’ என்பதில் காஸ்ட் வேறு எங்கோ ஒளிந்திருக்கிறது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. மொத்தப் பணம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையில் கேட்டுப் பாருங்கள், ஒளிந்திருப்பது வெளியே வரும்.

ஓடுகிற மூன்று தவணையும் முடிகிற வரை நான்காவது வேண்டாம். அடுத்த சம்பள உயர்வு வந்த மாதமே அதில் பாதிக்கு ஆர்.டி., அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற டெபாசிட், போட்டுவிடுங்கள். மீதிப் பாதியை இஷ்டத்துக்குச் செலவழியுங்கள், நான் கேட்கமாட்டேன். முழுவதையும் சேமிக்கச் சொன்னால் இரண்டு மாதம் தாங்கமாட்டீர்கள்.

கே: வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்து அரிசி டின்னுக்குள் 38,000 ரூபாய் வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது. திருட்டுத்தனம் செய்கிற மாதிரி உறுத்துகிறது. இதுவே போதும், இனி சேர்க்க வேண்டாம் என்றும் தோன்றுகிறது.
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

ப: திருட்டா! சிறுவாட்டுப் பணம் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஸ்கூல் பீஸுக்குப் பணம் பத்தாமல் வீடே முழித்துக்கொண்டு நிற்கும்போது மஞ்சள் பையிலிருந்து அம்மா எடுத்துக் கொடுப்பாரே, அது இதுதான்.

உறுத்த வேண்டியது வைத்திருக்கிற இடம். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள் அல்லவா? அடுத்த சில வாரம் எங்கள் கிளையில் பெண்கள் வரிசைதான். முந்தானையில் முடிந்தும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டும் எடுத்து வந்தார்கள். வீட்டுப் பெண்களின் சேமிப்பு 2.5 லட்சம் வரை இருந்தால் வருமான வரித்துறை கேள்வி கேட்காது என்று அரசே அறிவித்தது. ஆனால் வீட்டில் கேட்டார்கள். “இத்தனை நாளா இதை எங்க வச்சிருந்தே?” என்று கவுன்ட்டரிலேயே நின்று கேட்ட கணவர்களும் உண்டு.

உங்கள் பெயரில் மட்டும் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். போதுமா என்பதற்கு நான் வைக்கிற அளவு இது: யாரிடமும் கை நீட்டாமல் நீங்களாக டாக்டரிடம் போய் வரவும், தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குச் செய்யவும், அவசரத்துக்கு ஒரு மாதம் குடும்பத்தை ஓட்டவும் ஆக வேண்டும். அருப்புக்கோட்டையில் 38,000 ரூபாயில் முதல் இரண்டும் நடக்கும், மூன்றாவதற்கு இன்னும் கொஞ்சம் சேருங்கள். அது வந்ததும் அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்தது, அதைக் கடிதத்தில் எழுதவில்லை நீங்கள். நாமினியாக மட்டும் இப்போதே ஒருவர் பெயரைப் போட்டுவிடுங்கள்.