தூண்டிலும் வில்லும் ஒரு நாள், துப்பாக்கி வேறு நாள்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். நான் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது டவுனுக்குப் பக்கத்துத் தாமானில் வீடு. வரும் பள்ளி விடுமுறைக்கு ஜொகூரிலிருந்து மச்சான் குடும்பம் வருகிறது. அப்பாவையும் சேர்த்தால் பதின்மூன்று பேர். மகளுக்கு வயது 13, அவளுக்கு இணையத்தில் ஒரு வில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மகனுக்கு 8. காலையில் மீன் பிடித்து, மதியம் வில் விட்டு, சாயங்காலம் செம்பனைக் காட்டில் பன்றி வேட்டை என்று திட்டம் போட்டிருக்கிறோம். மச்சானின் நண்பரிடம் துப்பாக்கி இருக்கிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: மீனும் வில்லும் ஒரே நாளில் தாராளமாக அடங்கும். வேட்டையை அந்த நாளிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் வருகிற இடத்துக்குத் துப்பாக்கி வரக் கூடாது, துப்பாக்கி போகிற இடத்துக்குப் பிள்ளைகள் போகக் கூடாது. நான் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சிக்கலானதை முதலில் முடித்துவிடுவோம். "நண்பரிடம் துப்பாக்கி இருக்கிறது" என்ற வரியைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. மலேசியாவில் துப்பாக்கி உரிமம் ஆளைப் பார்த்துக் கொடுப்பது, கூடப் போகிற கூட்டத்துக்கு அல்ல. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமோ பெர்மிட்டோ இல்லாதவர் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம். "ஒரே ஒரு வெடி மச்சான், சுட்டுப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று வாங்குகிற அந்த ஒரு நிமிடமும் இதில் சேரும். குருவி சுடுகிற காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. பட்டறையில் இரும்புக் குழாயை வைத்துச் செய்த நாட்டுத் துப்பாக்கி என்றால் அதன் பக்கமே போகாதீர்கள். உரிமமில்லாத துப்பாக்கிக்கு 1971-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் 14 ஆண்டுவரை சிறை, கூடவே பிரம்படி.

துப்பாக்கிக்கு உரிமம் இருந்தாலும் பன்றிக்குத் தனியாக உரிமம் வேண்டும். காட்டுப்பன்றி இளஞ்செம்பனையின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடுகிறது, அதனால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று தோட்டப்புறத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படி இல்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதுவும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான், வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் உரிமம் இல்லாமல் தொடக் கூடாது. அதற்கு மேல் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி. ஆக மொத்தம் மூன்று தாள்கள். நண்பரிடம் மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் அவரோடு போகாதீர்கள். மான், கேளையாடு பற்றி யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். தீபகற்பத்தில் அவற்றின் வேட்டைக்கு 2009-இல் தடை வந்தது, பிறகு அதை நீட்டித்தார்கள். கம்பிச் சுருக்கு வைப்பதும் குற்றம்தான். அதில் பன்றி மட்டும்தான் மாட்ட வேண்டும் என்று எந்தக் கம்பிக்கும் தெரியாது. உடும்பும் மலைப்பாம்பும்கூட உரிமம் கேட்கிற விலங்குகள். "அந்தக் காலத்துல உடும்புக் கறி தின்னோமே" என்று அப்பா சொல்லத்தான் செய்வார். சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம்.

தாள்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது. செம்பனைக் காட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மட்டைகள் தாழ்ந்து கிடக்கும். வெட்டிப் போட்ட மட்டைகள் வரிசைக்கு நடுவே குவிந்திருக்கும். அந்தி சாய்ந்த பிறகு பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் அசைவது பன்றியா, உதிரிப் பழம் பொறுக்கிவிட்டுக் குனிந்தபடியே வருகிற தொழிலாளியா என்று யாராலும் சொல்ல முடியாது. பன்றி என்று நினைத்துக் கூட வந்தவரையே சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி நம் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. உரிமமுள்ள பெரியவர்கள் வேறொரு நாள் தனியாகப் போய் வரட்டும்.

இறைச்சி வீட்டுக்கு வந்தால் நன்றாக வேக வையுங்கள், உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021-இல் தீபகற்பத்துக்குள் வந்துவிட்டது. அது மனிதரைத் தொற்றாது, காட்டுப்பன்றிகளையும் பண்ணைப் பன்றிகளையும்தான் அழிக்கும். அதனால் காட்டில் செத்துக் கிடக்கிற பன்றியைத் தொடாமல் கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்திலும் நாய் விட்டு, ஈட்டியோடு வேட்டைக்குப் போவார்கள். கிளம்பும் முன் முனியாண்டிக்கு ஒரு சுருட்டு. அந்த வேட்டையை நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. லயத்து வாசலில் வாழை இலையில் கறியைக் கூறு போட்டு வைத்ததும், கால் உடைந்து வேலைக்குப் போகாமல் கிடந்த மாமாவுக்கும் ஒரு கூறு போனதும்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கூறு போடுவதை மீனிலும் செய்யலாம்.

சரி, மீனுக்கு வருவோம்.

உங்கள் பக்கத்தில் மூன்று விதமான தண்ணீர் இருக்கிறது. ஓடுகிற ஆறு ஒன்று, லாசா பக்கத்திலிருந்து வருகிற சுங்கை பிளஸ். அடுத்தது பழைய ஈயக்குட்டைகள். இன்னும் கொஞ்சம் தள்ளிக் கோலகங்சாருக்கு அப்பால் பேராக் ஆற்றில் செண்டேரோ ஏரி. 1930-இல் கட்டி முடித்த அணை அது, நாட்டின் பழைய நீர்மின் அணை. பதின்மூன்று பேரில் ஒரு எட்டு வயதுப் பையனும் ஒரு முதியவரும் இருப்பதால், எங்கே பெரிய மீன் கிடைக்கும் என்று பார்க்காமல், எங்கே உட்கார முடியும் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் தடவை என்றால் காசு கட்டி மீன் பிடிக்கிற குளம்தான் என் யோசனை. நிழல், கழிவறை, பக்கத்திலேயே கார். மச்சான் "இதெல்லாம் ஒரு மீன்பிடியா" என்று முனகுவார். பையன் அரை மணி நேரத்தில் ஒரு திலாப்பியாவைத் தூக்கியதும் அவர் வாய் அடைத்துவிடும்.

ஈயக்குட்டை பார்க்க அமைதியாக இருக்கும், ஏமாற்றும். ஈயத்துக்காகத் தோண்டிய பள்ளம் அது. குளம் மாதிரி மெல்ல மெல்ல ஆழமாகாது. இரண்டு எட்டு வைத்தால் முழங்கால், மூன்றாவது எட்டில் தலைக்கு மேல். கரையில் மணல் பிடிப்பில்லாமல் சரியும். அங்கே போனால் பிள்ளைகளுக்கு உயிர்காப்புச் சட்டை மாட்டுங்கள். தண்ணீரில் இறங்கினால்தான் என்று வைக்காமல் கரையில் நிற்கும்போதே போட்டுவிடுங்கள். தூண்டிலைக் கவனிக்காமல் பிள்ளைகளை மட்டுமே பார்க்கிற பெரியவர் ஒருவரை மணிக்கு ஒரு முறை மாற்றி மாற்றி வையுங்கள். "எல்லாரும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தோம்" என்பது எல்லா விபத்திலும் வருகிற பேச்சு.

ஆற்றில் பயப்பட வேண்டியது கெபாலா ஆயர், மலையிலிருந்து திடீரென்று இறங்கும் வெள்ளம். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் தூண்டிலை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். ஆண்டு இறுதி என்றால் மழை மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் வரும். அதனால் காலை ஏழு மணிக்குத் தூண்டில், பன்னிரண்டுக்குள் சுருட்டிவிடுவது நல்லது. இடி கேட்டதும் முதலில் கீழே வைக்க வேண்டியது தூண்டில் கம்பைத்தான். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும், கையில் இடிதாங்கி பிடித்து நிற்கிற மாதிரி. தோட்டத்துக்குள் போகிற மின்கம்பிக்குக் கீழே அதை வீசுவதும் அப்படித்தான்.

எட்டு வயதுக்காரனுக்குச் சுருள் வைத்த தூண்டில் வேண்டாம். பாதி நேரம் சிக்கெடுப்பதில் போய்விடும். மெல்லிய மூங்கில் கம்பு, கம்பு நீளத்துக்கு நரம்பு, ஒரு மிதவை, சின்னக் கொக்கி போதும். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு தப்பும். ஆனால் கொக்கி விரலில் ஏறினால் வந்த வழியே சுலபமாக வந்துவிடும். மண்புழு எல்லாவற்றுக்கும் ஆகும். ரொட்டியைப் பிசைந்து உருட்டினால் திலாப்பியா வரும். லம்பாம் மீனுக்கு நம் ஊர் இரை ஒன்று இருக்கிறது, நன்றாகப் பழுத்த செம்பனைப் பழம். கொட்டையை விட்டுச் சதையைக் கீறிக் கொக்கியில் மாட்டுங்கள். காசு கொடுத்து வாங்கிய இரையை எல்லாம் அது தோற்கடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பழத்தையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும், அது தோட்டத்துச் சொத்து.

மச்சானுக்குக் கொஞ்சம் சவால் வேண்டுமென்றால் ஹாருவான், நம் விரால். லாலான் புல் சாய்ந்து கிடக்கிற கரையோரம், காலை வேளையில், ரப்பர் தவளையைத் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். தண்ணீரில் சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் மேலே வந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அங்கே மட்டும் தவளையை வீசாதீர்கள். கீழே தாய் தகப்பன் காவல் இருக்கும். உடனே கடிக்கும்தான், ஆனால் அதைத் தூக்கினால் குஞ்சுகள் அன்றைக்கே மற்ற மீனுக்கு இரை. தோட்டத்து வடிகாலான அல்லூரில் பிடிப்பதாக இருந்தால் களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்று வேலையை மேற்பார்க்கிற மண்டோரிடம் விசாரியுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 தொடக்கத்தில் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் வேறு மருந்து அடிக்கிறார்கள். புதிதாக அடித்திருந்தால் அந்த மீன் குழம்புக்கு வேண்டாம். பேட்டரி வைத்து ஷாக் அடிப்பது, மீனை மயக்கும் தூபா வேர் கலக்குவது, வெடி போடுவது எல்லாம் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தில் குற்றம். வலை போடுவதாக இருந்தால் மாவட்ட மீன்வள அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கெளுத்தியைப் பிள்ளைகள் கழற்றக் கூடாது. பக்கத்துக்கு ஒன்றும் முதுகில் ஒன்றுமாக மூன்று முள். குத்தினால் சாயங்காலம்வரை கடுக்கும். குத்திவிட்டால் கை பொறுக்கிற அளவு சுடுதண்ணீரில் விரலை வைத்திருங்கள், வலி இறங்கும். இன்னொன்று எலிச் சிறுநீர்க் காய்ச்சல். காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம். 2010-இல் பகாங் லூபோக் யூவில் ஆற்றில் மூழ்கியவரைத் தேடி இறங்கியவர்கள் காய்ச்சலில் விழுந்து உயிரிழப்பே ஏற்பட்டது. அங்கே மண்ணில் இருக்கிற இன்னொரு கிருமியும் சேர்ந்திருந்தது. போய் வந்த ஒன்றிரண்டு வாரத்தில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றுக்குப் போனதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

வில். இணையத்தில் வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை பவுண்டு என்று எழுதவில்லை. அதுதான் முக்கியம். வில்லின் தண்டில் எண் போட்டிருக்கும். புதிதாகப் பழகுகிற 13 வயதுப் பிள்ளைக்குப் பதினாறு பவுண்டுக்குள் இருந்தால் நல்லது, தம்பிக்குப் பத்து. முப்பது என்று இருந்தால் அதைக் கட்டிப் பரணில் வையுங்கள், இழுக்க முடியாமல் தோளைத் திருகிக்கொள்வாள். மச்சான் "குடு, நான் இழுக்கிறேன்" என்று அம்பில்லாமல் இழுத்துச் சும்மா விடுவார், பாருங்கள். அப்படி விட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்பும், தண்டு விரிசல் விட்டுவிடும். கார்பன் அம்பை ஒவ்வொரு தடவையும் எய்யும் முன் லேசாக வளைத்து, கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். உடைந்தால் சிம்பு சிம்பாகக் கையில் ஏறும். முன்கைக் காப்பும் விரலுறையும் கட்டாயம். முதல் நாள் நாண் அடித்துக் கை சிவந்தால் இரண்டாம் நாள் பிள்ளை வில்லைத் தொடமாட்டாள்.

இடம் பழைய தோட்டத்துத் திடல் மாதிரி இருந்தால் போதும், ஆனால் இலக்குக்குப் பின்னால் மண்மேடு வேண்டும். செம்பனை வரிசையைப் பின்னால் வைக்காதீர்கள், அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்று தெரியாது. போட்டிகளில் 70 மீட்டரிலிருந்து எய்வார்கள். நீங்கள் ஐந்து மீட்டரில் ஆரம்பியுங்கள். பழைய துணி திணித்த அரிசிச் சாக்கே நல்ல இலக்கு. தரையில் ஒரு கயிற்றைப் போட்டு, எய்பவர் தவிர எல்லாரும் அதற்குப் பின்னால். போட்டி விதியிலிருக்கிற விசிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், விளையாட்டு மாதிரி பிடித்துக்கொள்வார்கள். இரண்டு விசில் என்றால் கோட்டுக்கு வா, ஒன்று என்றால் எய்யத் தொடங்கு, மூன்று என்றால் வில்லை வைத்துவிட்டு அம்பை எடுக்கப் போ. விசிலை உங்கள் அப்பா கையில் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி பன்னிரண்டு பேரை அதட்டுகிற வாய்ப்பை எந்தத் தாத்தாவும் விடமாட்டார்.

வில்லைத் தூக்கிக்கொண்டு "அப்பா, பன்றி அடிக்கலாமா" என்று மகள் கேட்கத்தான் செய்வாள். பதினாறு பவுண்டு வில் பன்றிக்குக் கோபத்தை மட்டும்தான் மூட்டும் என்று சொல்லி வையுங்கள். மீனை அன்றைக்கே மஞ்சளும் உப்பும் தடவிக் கரியில் வாட்டிவிடலாம். மீதம் இருந்தால் தாமானில் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கூறு போகட்டும்.