விறகு பொறுக்கியவனுக்கு ஏன் மரணம்?

"கடவுள் நீதியுள்ளவர் என்றால், பழைய ஏற்பாட்டில் அற்பக் குற்றங்களுக்கும் கல்லெறிந்து கொல்லச் சொல்வது ஏன்? இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை இதைவிடச் சுருக்கமாக என்னிடம் ஏற்கெனவே ஒருவர் கேட்டிருக்கிறார் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு, குடும்ப ஜெபத்தில், நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வேதத்தை வரிசையாக வாசிப்பது வழக்கம். எண்ணாகமம் 15ஆம் அதிகாரம் வந்த இரவு, வாசிக்கும் முறை என் மகளுடையது. ஓய்வுநாளில் விறகு பொறுக்கிய ஒருவனைப் பிடித்து, மோசேயிடம் கொண்டுபோய், காவலில் வைத்து, கடைசியில் பாளயத்துக்குப் புறம்பே கல்லெறிந்து கொன்ற செய்தி அதில் வருகிறது; ஐந்தே வசனங்கள். வாசித்து முடித்தவள் புத்தகத்தை மூடாமல், விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, "விறகு பொறுக்கினதுக்காப்பா?" என்றாள். "அது நியாயப்பிரமாணத்தின் காலம்மா, நாம இருக்கிறது கிருபையின் காலம்" என்று ஆச்சி பதில் சொல்லிவிட்டார். ஜெபம் முடிந்தது, இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

எனக்கும் சிறுவயதில் அதே பதில்தான் கிடைத்தது. அது கேள்வியைத் தீர்ப்பதில்லை, காலத்தின் மேல் பழியைப் போட்டு ஒதுக்கி வைக்கிறது. அன்றும் இன்றும் கடவுள் ஒருவரே என்றால், அன்று செய்தது நீதியா இல்லையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர் இதற்கு ஒரு நேரடியான வழி கண்டார்: பழைய ஏற்பாட்டின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்றார். ரோமாபுரித் திருச்சபை 144இல் அவரை விலக்கிவைத்தது. ஆனால் நம் வீட்டு ஜெபங்களில் மார்சியோன் இன்னும் பாதி உயிரோடுதான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

முதலில் எல்லோரும் சொல்லும் வரலாற்று விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், அது பொய்யல்ல. கிறிஸ்துவுக்கு முன் சுமார் 1750இல் பாபிலோனில் பொறிக்கப்பட்ட ஹமுராபியின் சட்டத்தில், கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரரின் மகன் இறந்தால், கட்டியவனுடைய மகனைக் கொல்லவேண்டும். பிள்ளைகளுக்காகப் பெற்றோரும் பெற்றோருக்காகப் பிள்ளைகளும் கொல்லப்படக்கூடாது என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் திட்டமாகச் சொல்கிறது. ஹமுராபியின் சட்டத்தில் சிலவகைத் திருட்டுக்கு மரணம். மோசேயின் சட்டத்தில் பொருள் திருடியவன் இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஐந்து மடங்கோ திருப்பிக் கொடுத்தால் போதும். ஆக, அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் சில இடங்களில் இது மென்மையானது. இருந்தாலும் இந்த வாதத்தில் எனக்கு நிறைவில்லை. பக்கத்து ஊரைவிடக் கொஞ்சம் மேல் என்பது ஓர் அரசனுக்குப் பெருமையாக இருக்கலாம். "சர்வலோக நியாயாதிபதி" என்று அழைக்கப்படுகிறவருக்கு அது போதாது. போதாக்குறைக்கு, யோசுவா 7ஆம் அதிகாரத்தில், விலக்கப்பட்ட கொள்ளைப்பொருளைத் திருடிய ஆகானோடு அவனுடைய குமாரரும் குமாரத்திகளும் அவன் கல்லெறியப்பட்ட பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள் என்பதையும் நாம் மறந்துவிட முடியாது.

நான் பிடித்துக்கொண்ட நூல் வேறு. அந்தச் "சர்வலோக நியாயாதிபதி" என்ற சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். சோதோமை அழிக்கப்போகும் கடவுளின் எதிரில் நின்று, "சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்கிறார். ஐம்பது நீதிமான்களில் தொடங்கி, சந்தைப் பேரம்போலப் பத்து வரைக்கும் குறைத்துக்கொண்டு வருகிறார். கடவுளும் ஒவ்வொரு படிக்கும் இறங்கி வருகிறார். கடவுளின் தண்டனையைக் கடவுளின் நீதியைக்கொண்டே கேள்வி கேட்பது நவீன மனிதரின் கண்டுபிடிப்பு அல்ல. ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்திலேயே அதற்கு இடமிருக்கிறது.

அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் பிற்கால யூத ஆசிரியர்கள் இந்தக் கடுமையான சட்டங்களை வாசித்தார்கள். உபாகமம் 21ஆம் அதிகாரத்தின் "அடங்காத துஷ்டப்பிள்ளை" இதற்கு நல்ல உதாரணம். தாய் தகப்பன் சொல் கேளாத, பெருந்தீனியும் குடியுமாகத் திரிகிற மகனை, பெற்றோர் பட்டணத்து வாசலுக்கு, மூப்பரிடம் கொண்டுவரவேண்டும். ஊரார் அவனைக் கல்லெறிந்து கொல்லவேண்டும். நேரே வாசித்தால் வயிற்றைப் பிசைகிறது. அதிலேயே ஒரு கட்டுப்பாடு இருப்பதையும் கவனிக்கவேண்டும்: தகப்பன் தானாகக் கொல்ல முடியாது, தாயும் உடன்படவேண்டும், மூப்பர் கேட்கவேண்டும். ஆதியாகமம் 38இல் யூதா தன் மருமகள் தாமாரைப் பற்றிய ஒரு செய்தி காதில் விழுந்தவுடன், யாரையும் விசாரிக்காமல், அவளைச் சுட்டெரிக்கச் சொன்னதை இதோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

கிறிஸ்துவுக்குப் பின் சுமார் 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவின் ஆசிரியர்கள் அந்தக் கட்டுப்பாட்டைப் பிடித்து இழுத்த இழுப்பைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். பையன் சிறுவனாக இருந்தால் சட்டத்துக்கு உட்பட்டவன் அல்லன், தாடி வளர்ந்துவிட்டாலும் அல்லன்; இடையில் உள்ள காலம் மூன்றே மாதம் என்று, மிஷ்னாவை விவாதிக்கும் பிற்காலத் தொகுப்பான தல்மூத் கணக்குச் சொல்கிறது. அவன் தகப்பனிடமிருந்து திருடியிருக்கவேண்டும், அதை வேறு இடத்தில் வைத்துத் தின்றிருக்கவேண்டும், இத்தனை அளவு இறைச்சியும் இத்தனை அளவு திராட்சரசமும் உட்கொண்டிருக்கவேண்டும், அந்த ரசமும் இத்தாலிய ரசமாக இருக்கவேண்டும். பிறகு வசனத்தின் ஒவ்வொரு சொல்லாக எடுக்கிறார்கள். பெற்றோர் அவனை "பிடித்து" வரவேண்டும் என்பதால் இருவரில் ஒருவருக்குக் கை ஊனமாக இருந்தாலும் வழக்கு நிற்காது. "கொண்டுபோய்" என்பதால் கால் ஊனம் இருக்கக்கூடாது. "எங்கள் மகனாகிய இவன்" என்று சுட்டவேண்டும் என்பதால் பார்வை இருக்கவேண்டும். ரபி யூதா இன்னும் ஒருபடி மேலே போய், தாயும் தகப்பனும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒரேமாதிரி இருக்கவேண்டும் என்கிறார். இப்படியெல்லாம் வடிகட்டிய பிறகு தல்மூத்தில் ஒரு வாக்கியம் வருகிறது: அப்படிப்பட்ட பிள்ளை இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை; பின் ஏன் எழுதப்பட்டது என்றால், ஆராய்ந்து பலன் பெறுவதற்காக. உடனே ரபி யோனத்தான், "நான் அவனைப் பார்த்தேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்தும் இருந்தேன்" என்று மறுக்கிறார். அந்த மறுப்பையும் அழிக்காமல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

மிஷ்னாவின்படி, பொதுவாகவே மரண வழக்குக்கு இருபத்துமூன்று நியாயாதிபதிகள் வேண்டும்; ஒரு வாக்கு கூடினால் விடுதலை, தண்டிப்பதற்கோ இரண்டு வாக்கு கூடவேண்டும்; விடுதலைத் தீர்ப்பை அன்றே சொல்லலாம், மரணத்தீர்ப்பை மறுநாள்தான் சொல்லலாம். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கொல்லும் நியாயசங்கத்தை நாசகாரச் சங்கம் என்பார்கள் என்கிறது மிஷ்னா. எழுபது ஆண்டுக்கு ஒருமுறை என்றாலும் அப்படித்தான் என்கிறார் எலெயாசார் பென் அசரியா. நாங்கள் அந்தச் சங்கத்தில் இருந்திருந்தால் ஒருவனும் கொல்லப்பட்டிருக்க மாட்டான் என்கிறார்கள் தர்போனும் அகிபாவும். அப்படியானால் நீங்கள் இஸ்ரவேலில் கொலைகாரரைப் பெருக்கியிருப்பீர்கள் என்று சிமியோன் பென் கமாலியேல் பதில் கொடுக்கிறார். இந்தக் கடைசிக் குரல் எனக்கு முக்கியம். கொல்லப்பட்டவனின் வீட்டாருக்காகப் பேச யாராவது ஒருவர் இருக்கத்தானே வேண்டும்?

இதற்கு ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. எருசலேம் தேவாலயம் 70இல் இடிக்கப்பட்ட பிறகு, மரணதண்டனை கொடுக்கும் அதிகாரம் ரோமர் கையில் இருந்த காலத்தில் இவர்கள் பேசுகிறார்கள். வாள் கையில் இல்லாதவன் இரக்கம் பேசுவது எளிது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேதத்துக்குள்ளேயே இந்த இழுவை இருக்கிறது. தம்பியைக் கொன்ற காயீனுக்கு, அவனை யாரும் கொல்லாதபடி அடையாளம் போடப்படுகிறது. விபசாரமும் கொலையும் செய்த தாவீது சாகவில்லை. ஓய்வுநாளில் ஆலை மிதித்தவர்களையும் மீன் விற்ற தீருவின் வியாபாரிகளையும் கண்ட நெகேமியா, ஆளுநர் என்ற அதிகாரம் கையில் இருந்தும், கடிந்துகொண்டு நகரவாசலை அடைத்ததோடு நிறுத்திக்கொள்கிறார். "துன்மார்க்கன் சாகிறது எனக்கு எவ்வளவேனும் பிரியமோ?" என்று எசேக்கியேல் 18இல் கடவுளே கேட்கிறார்.

சட்டங்களை இப்படி வாசித்துவிடலாம். பாலகரையும் சேர்த்து அமலேக்கியரை அழிக்கச் சொல்லும் 1 சாமுவேல் 15ஐ என்னால் வாசிக்க முடிவதில்லை. அது நீதி என்று யாராவது எனக்கு விளக்கினால், விளக்கியவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வரும். அந்த அதிகாரத்தில் இஸ்ரவேலின் அரசனான சவுல், அமலேக்கியரின் ராஜாவையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிடுகிறார், குழந்தைகளை அல்ல. தல்மூத் சவுலின் வாயில் வேறொரு கேள்வியை வைக்கிறது: பெரியவர்கள் பாவம் செய்திருந்தால் சிறுவர்கள் என்ன செய்தார்கள்? மிஞ்சின நீதிமானாயிராதே என்று வானத்திலிருந்து குரல் வருகிறது. பிறகு அதே சவுல் நோபு என்ற ஊரின் ஆசாரியர் எண்பத்தைந்து பேரையும், அந்த ஊரின் குழந்தைகளையும் தன் ஊழியக்காரனான தோவேக்கைக்கொண்டு வெட்டுவிக்கும்போது, மிஞ்சின துன்மார்க்கனாயிராதே என்று குரல் வருகிறது. கேட்டவனும் சுத்தமானவன் அல்லன் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் அந்தக் கேள்வி எங்கேயாவது எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

விறகு பொறுக்கியவனிடம் திரும்புகிறேன். ஓய்வுநாள் என்பது எகிப்தில் அடிமைகளாயிருந்தவர்கள் தங்கள் வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும் கழுதைக்கும்கூடக் கொடுத்த ஓய்வு என்று உபாகமம் 5 சொல்வதால், அதை மீறுவது ஏன் பெரிய குற்றமாகக் கருதப்பட்டது என்பது புரிகிறது. கல்லெறிதல் எனக்குப் புரிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அவன் பெயரை வேதம் சொல்லவில்லை. எண்ணாகமத்திலேயே பின்னால் பெயர் வரும் செலொப்பியாத்தான் அவன் என்று அகிபா ஒருமுறை ஊகித்தார். நீ சொல்வது சரியென்றால் வேதம் மறைத்ததை நீ வெளியே போட்டாய், தவறென்றால் ஒரு நல்லவனைப் பழித்தாய், எப்படியும் நீ கணக்குக் கொடுக்கவேண்டும் என்று யூதா பென் பெத்தேரா அவரைக் கண்டித்தார்.

நாளுக்கு ஓர் அதிகாரம் என்ற கணக்கில், பன்னிரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டில் 27ஆம் அதிகாரம் வந்தது. செலொப்பியாத்தின் குமாரத்திகளான மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் ஐவரும், மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதற்கும் முன்பாக நின்று, எங்கள் தகப்பன் தன் பாவத்தினால் செத்தான், அவனுக்குக் குமாரர் இல்லை, அதற்காக அவன் பெயர் அற்றுப்போகலாமா என்று கேட்கிறார்கள். விறகு பொறுக்கியவன் விஷயத்தில் செய்ததுபோலவே மோசே இங்கேயும் தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் கடவுளிடம் கொண்டுபோகிறார். அவர்கள் சொல்வது சரி என்று பதில் வருகிறது. சொத்துரிமைச் சட்டம் மாறுகிறது.

பெயர்களைத் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்த மகள், "இவங்க கேட்டதும் ஆண்டவர் மாத்திட்டாரா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்போ அன்னைக்கு அந்த விறகு பொறுக்கினவனுக்காக யாருமே கேக்கலையாப்பா?"

விறகு பொறுக்கியவனின் அதிகாரத்துக்கு முந்தின 14ஆம் அதிகாரத்தில், முழு ஜனத்தையும் மன்னிக்கும்படி மோசே வாதாடியிருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. பக்கங்களைத் திருப்பி அந்த ஐந்து வசனங்களை மறுபடியும் வாசித்தேன். யாரும் கேட்டதாக எழுதப்படவில்லை.