வெயிலைவிடப் புழுக்கத்துக்குப் பயப்படுங்கள்: கோடைக் கடைசிக் கல்யாணத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி: கோடை முடியும் தறுவாயில் எங்கள் கல்யாணம். இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குத் திறந்தவெளித் தோட்டத்தில் கல்யாணம், பிறகு பக்கத்து ஹாலில் விருந்து. 180 பேர் வருவார்கள். இதற்கு நடுவில் வார இறுதி ஒன்றுகூட எங்கள் கையில் இல்லை. பூங்கா, பிறந்தநாள், கடற்கரை என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனால் கல்யாண வேலை நின்றுபோகிறது, போகாவிட்டால் மனஸ்தாபம். வெளியே போவதை அடியோடு நிறுத்திவிடலாமா? வெயிலுக்கு என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். கல்யாணத்தன்று என்ன நேரமோ அதே நேரத்தில், அன்று போடப்போகும் அதே செருப்போடு வெளியே போய்வாருங்கள். பிறந்தநாள் விழாவோ பூங்காவோ, உங்களுக்கு அது இலவச ஒத்திகை. கல்யாண ஏற்பாடு செய்கிறவர்கள் பலரும் காகிதத்திலேயே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறார்கள். வெயில் காகிதத்தில் சுடுவதில்லை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் கழற்றிவிடலாம். ‘கோடை முடியப்போகிறது, அதனால் சூடு குறைந்திருக்கும்.’ அப்படி இருக்காது. வருடத்தின் மிக நீண்ட பகல் வந்துபோன பிறகும் தரையும் கடலும் சேர்த்துவைத்த வெப்பத்தை வாரக்கணக்கில் திருப்பித் தந்துகொண்டிருக்கும். கடல் சூடேறியிருப்பதால் பல இடங்களில் காற்றில் ஈரமும் கூடியிருக்கும். வெயில் வேறு, புழுக்கம் வேறு என்று நம் மொழி சரியாகவே பிரித்துவைத்திருக்கிறது. விருந்தாளியை எழுந்து போகவைப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டு அட்டவணையில் இதைப் பார்க்கலாம். 32 டிகிரி செல்சியஸில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்புக்குக் கிட்டத்தட்ட 33 போலத்தான் தெரியும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 41 போல இருக்கும். இது நிழலில் நிற்பவருக்கான கணக்கு. நேர் வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆகவே வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், ஈரப்பதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து அந்த ஐந்து மணி. உச்சிவெயில் பன்னிரண்டுக்கு என்றாலும் காற்று மிகச் சூடாக இருப்பது பொதுவாக மூன்றிலிருந்து ஐந்துக்குள். உங்கள் விருந்தாளிகள் நாலரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதாவது நாளின் மிக மோசமான நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் ஏற்பாடு செய்த ஒரு கல்யாணத்தில் இதே தவறைச் செய்தேன். நாற்காலி மதியம் ஒரு மணிக்கே வந்துவிட்டது. சீக்கிரம் முடிந்ததே என்று சந்தோஷப்பட்டு வரிசை வரிசையாகப் போட்டுவைத்தோம். இரும்புக் கால், இரும்பு முதுகு. நாலரைக்கு முதலில் வந்த பெரியவர் உட்கார்ந்தார், கை பின்னால் பட்டதும் சட்டென்று எழுந்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. கைக்குட்டையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்து, பத்தடி தள்ளிக் கட்டிடத்தின் நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்தவர் அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டார். கால்மணி நேரத்தில் நூறு நாற்காலியும் நிழலுக்குள் குவிந்துகிடந்தன. மணமகள் நடந்து வந்த பாதையின் இருபுறமும் வெறும் புல்தான். புகைப்படங்களில் அந்த வெறுமை இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து நான் முதலில் நிழலைப் பார்க்கிறேன், நாற்காலியைப் பிறகுதான் போடுகிறேன்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். அடுத்த சில வாரங்களில் ஒருமுறை, நண்பர்களோடு அந்தத் தோட்டத்துக்கே மாலை நான்கு மணிக்குப் போங்கள். ஏழு வரை இருந்து, அரைமணிக்கு ஒருமுறை நிழல் எங்கே விழுகிறது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒரு திருத்தமும் வேண்டும். பூமத்தியரேகையிலிருந்து தள்ளி வசிப்பவர்களுக்கு, இன்று பார்க்கும் நிழல் ஒன்பது வாரம் கழித்து அதே இடத்தில் விழாது. சூரியன் அன்று இன்னும் தாழ்வாக இருக்கும், மறையும் இடமும் நகர்ந்திருக்கும், மறையும் நேரம் மளமளவென்று முன்னே வந்திருக்கும். 40, 50 டிகிரி அட்சரேகைப் பகுதிகளில் கோடைக் கடைசியில் நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம் முன்கூட்டியே இருட்டும். கோடை நடுவில் தோட்டத்தைப் பார்த்துவிட்டு ‘எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது’ என்று நிகழ்ச்சி நிரல் போட்டவர்கள், கல்யாணத்தன்று கைபேசி விளக்கில் வாழ்த்துரை படித்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் தேதிக்கு, உங்கள் ஊருக்குச் சூரியன் மறையும் நேரத்தை இன்றே எடுத்து வையுங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மறைவதற்கு முன் முக்கால் மணி நேரம் புகைப்படத்துக்கு, அதற்கு முன் கல்யாணத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பெரும்பாலும் உங்கள் ஐந்து மணி, ஐந்தே முக்காலோ ஆறோ ஆகிவிடும். அழைப்பிதழ் அச்சாகியிருந்தாலும் ஒரு செய்தி அனுப்பி மாற்றத் தயங்காதீர்கள். ஒரு மணி நேரம் தள்ளிப்போனதற்காக யாரும் கோபித்துக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

வெயிலில் பந்தல் போட்டாலே போதும் என்று நினைக்காதீர்கள். நாலு பக்கமும் மூடிய பிளாஸ்டிக் கூடாரம் அடுப்பு மாதிரி. மேலே துணி, பக்கங்கள் திறப்பு, காற்று வரும் திசையில் எதையும் கட்டாமல் விடுவது, இவைதான் வேலை செய்கின்றன. மின்விசிறி நல்லதுதான், ஆனால் காற்றே 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் விசிறி சூட்டைத்தான் உடம்பில் அடிக்கும். உலக சுகாதார நிறுவனமும் அந்த அளவுக்கு மேல் விசிறியை நம்ப வேண்டாம் என்கிறது.

உள்ளே ஹால் இருக்கிறதே, அங்கே குளிர்சாதனம் இருக்கிறதே என்பீர்கள். அங்கேயும் ஒரு கணக்கு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார், ஒரு பழைய குண்டு பல்பு மாதிரி. 180 பேர் என்றால் 18 கிலோவாட். ஏசியில் ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆக உங்கள் விருந்தாளிகளின் உடல்சூட்டை மட்டும் எடுக்கவே ஐந்து டன்னுக்கு மேல் வேண்டும். சுவர், கண்ணாடி, விளக்கு, சமையல், திறந்து மூடும் கதவு எல்லாம் அதற்கு மேல். ஆட்டம் தொடங்கினால் ஆளுக்கு மூன்று நான்கு மடங்கு கூடும். ஆகவே ஹால்காரரிடம் ‘ஏசி இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘180 பேர் உள்ளே இருக்கும்போது எத்தனை டிகிரி வரும்? எத்தனை டன் போட்டிருக்கிறீர்கள்? எத்தனை மணிக்கு ஓடவிடுவீர்கள்?’ என்று கேளுங்கள். ஆட்கள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஓடவிட்டுச் சுவரையும் தரையையும் குளிர்விக்க வேண்டும். ஆட்கள் நிறைந்த பிறகு போட்டால் அந்த இரவு முழுக்க இயந்திரம் துரத்திக்கொண்டேதான் இருக்கும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இனி உங்கள் வார இறுதிகள். கூப்பிடுகிற எல்லாவற்றுக்கும் போக வேண்டாம். மாலை நேரத்து வெளிப்புறச் சந்திப்புகளுக்குக் கட்டாயம் போங்கள். நாள் முழுக்க ஏசியில் இருக்கும் உடம்பு திடீரென்று ஒரு நாள் வெயிலில் நின்றால் திணறும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டில் நடமாடினால் ஒன்று, இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளும். வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறைவாகப் போகும், இதயமும் அவ்வளவு படபடக்காது. இந்தப் பழக்கம் சில வாரங்களில் கலைந்தும்விடும் என்பதால், கடைசி இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடக்காதீர்கள்.

ஒவ்வொரு சந்திப்பிலும் எதையாவது ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம் செருப்பு. சூட்டில் இரத்தக்குழாய்கள் விரிந்து பாதம் வீங்கும், காலையில் கடையில் சரியாக இருந்த ஜோடி மாலை ஏழுக்குக் கடிக்கும். மோதிர அளவும் அப்படித்தான். குளிர்ந்த கடையில் காலையில் எடுத்த அளவு மாலைப் புழுக்கத்தில் விரலில் ஏறாது. நடந்துவிட்டு வந்த கையோடு, மாலையில் ஒருமுறை அளவெடுங்கள். இன்னொரு வாரம் ஒப்பனை. ஒத்திகை ஒப்பனையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கழுவுவது வீண். அதோடு பிறந்தநாளுக்குப் போங்கள், நான்காவது மணி நேரத்தில் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஒப்பனைக்காரருக்குக் காட்ட வேண்டியது அந்தப் படத்தை. உடையைப் போட்டுக்கொண்டு வெளியே போக முடியாது, சரி. ஆனால் வீட்டிலேயே அரைமணி நேரம் போட்டு நாலு முறை மாடிப்படி ஏறி இறங்கலாம். மேல்துணி பருத்தியா பட்டா என்று பார்க்கிற நாம் உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணியைப் பார்ப்பதே இல்லை. அது பாலியெஸ்டர் என்றால் வெளியே என்ன இருந்தும் பிரயோஜனமில்லை, தையல்காரரிடம் சொல்லி மாற்றுங்கள்.

கடற்கரை மட்டும், கடைசி இரண்டு வாரத்தில் வேண்டவே வேண்டாம். மேகம் இருந்தாலும் புறஊதா கீழே வரும். மணல் 15 சதவீதம், கடல் நுரை 25 சதவீதம் வரை அதைத் திருப்பி உங்கள் மேலேயே அடிக்கும், குடைக்குள் இருந்தாலும். தோல் கருகினால் சில நாளில் உரியத் தொடங்கும். தோள்பட்டை வார் விட்ட கோடு வாரக்கணக்கில் போகாது. அதற்கு முன்பு போகிறீர்கள் என்றால் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூச வேண்டும். கூப்பிட்டவரிடம் காரணத்தை உள்ளபடியே சொல்லிவிடுங்கள். ‘கல்யாண போட்டோவில் உரிந்த மூக்கோடு நிற்க முடியாது’ என்றால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். ‘வேலை இருக்கிறது’ என்பதுதான் மனஸ்தாபத்தைக் கொண்டுவரும்.

சாப்பாட்டில் நான் கறாராக இருப்பேன். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காற்று 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பெரிய பாத்திரத்தில் ஒரேயடியாக வைத்து அழகு பார்க்காமல், சின்னச் சின்னப் பாத்திரத்தில் அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள். வெண்ணெயால் அலங்கரித்த கேக்கை வெளியே வைக்காதீர்கள், 30 டிகிரியிலேயே சரியத் தொடங்கும். பூவைப் பழக்கூடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் வாடவைக்கும்.

தண்ணீருக்கு என் கணக்கு, வெளியே இருக்கும் நேரத்துக்கு ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர். அதை ஒரு மூலையில் மேசை போட்டு வைத்தால் பாதிப் பேர் எழுந்து போகமாட்டார்கள். வாசலிலேயே கையில் கொடுங்கள். வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது, நீர் பிரியச் சாப்பிடும் மாத்திரை போன்ற சில மருந்துகள் சூட்டைத் தாங்கும் சக்தியையும் குறைக்கும். அவர்களைக் கவனிக்க ஒரு ஆளை, பெயர் சொல்லி, நியமியுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட் பத்து இருக்கட்டும். யாராவது தலைசுற்றுகிறது என்றால் நிழல், தண்ணீர், படுக்கவைத்தல். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் உளறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வெப்ப வாதம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு உடம்பை ஈரத்துணியால் நனைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

மழை. பல ஊர்களில் கோடைக் கடைசி மாலைகளில்தான் இடி மின்னல் வரும், பகலில் சூடேறிய தரை ஈரக்காற்றை மேலே தள்ளுவதால். இடிச்சத்தம் கேட்டாலே கட்டிடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடியிலிருந்து அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். கூடாரம் மின்னலிலிருந்து காப்பாற்றாது. ஒன்பது வாரம் முன்னால் எந்த முன்னறிவிப்பும் உதவாது. அந்த வாரத்துக்கான உங்கள் ஊரின் முப்பதாண்டுச் சராசரி மழையைப் பாருங்கள், அதை வைத்து ஹாலில் மாற்று ஏற்பாட்டுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். உள்ளேயா வெளியேயா என்பதை அன்று காலை பத்து மணிக்கு ஒரே ஆள் முடிவு செய்ய வேண்டும். அந்த ஆள் நீங்களும் அல்ல, மாப்பிள்ளையும் அல்ல. வெளியேதான் நடக்க வேண்டும் என்று ஆசைப்படாத ஒருவர் வேண்டும்.

இந்த வார இறுதிக்கு நண்பர்கள் பூங்காவுக்குக் கூப்பிட்டால், காலையில் வேண்டாம், நாலு மணிக்குப் போகலாம் என்று சொல்லுங்கள். கல்யாணச் செருப்பைப் பையில் வைக்காதீர்கள், காலிலேயே போட்டுக்கொண்டு போங்கள்.